தரைக்கு அடியில் ஒரு கை

தங்கபுஷ்பத்தின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து, பந்தலைப் பிரித்து, வாடகைச் சேர்களை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி வண்டியில் ஏற்றிக்கொண்டு போன அன்றைக்குச் சாயங்காலம், தெருவிளக்கு எரிந்த நேரத்தில், தண்ணீர்த்தொட்டித் தெருவின் எல்லா வீடுகளிலும் தரைக்கு அடியிலிருந்து யாரோ தட்ட ஆரம்பித்தார்கள். மூன்று தட்டு, ஒரு மூச்சு விடும் நேரம் நிறுத்தம், மறுபடியும் மூன்று தட்டு. விரல் முட்டியால் தட்டுகிற சத்தம் இல்லை, குச்சியால் இடிக்கிற சத்தமும் இல்லை. விரித்த உள்ளங்கையால் தரையில் அடிக்கிற சத்தம். உலை வைத்து அரிசி வேகிற நேரம் வரைக்கும் அது கேட்டது, பிறகு நின்றது, மறுநாள் விளக்கு எரிந்ததும் மறுபடியும் வந்தது.

தங்கபுஷ்பம் யார் என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தெரு அவளை அவ்வளவு சீக்கிரம் மறந்துவிட்டது. டைல்ஸ் கடை நயினாரின் பெண்டாட்டி. கல்யாணமாகி வந்த புதிதில் தெருமுனை வரை கேட்கும்படி சிரிப்பாள், பிறகு வீட்டு வாசல் வரை கேட்கும்படி சிரித்தாள், பிறகு சிரிப்பதை விட்டுவிட்டாள். குளியலறையில் வழுக்கி விழுந்து செத்துப்போனாள் என்று நயினார் சொன்னான். தெரு தலையை ஆட்டியது. ‘வழுக்கவே வழுக்காத டைல்ஸ்’ என்று ஆளுயரத்துக்கு போர்டு வைத்து வியாபாரம் பண்ணுகிறவன் வீட்டுக் குளியலறையில் எப்படி ஐயா வழுக்கும் என்று கேட்க அந்தத் தெருவில் ஒரு நாக்கு இல்லை. கழுத்தில் கிடந்த நீலத்தடத்தை மஞ்சள் பூசி மறைத்து, அதன்மேல் பெரிய மாலையாகப் பார்த்துப் போட்டுத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அந்தத் தெருவில் நயினார் கடை டைல்ஸ் பதிக்காத வீடு கிடையாது. முதலில் ஒரு வீட்டுக்காரர் பதித்தார், அதைப் பார்த்து அடுத்த வீட்டுக்காரர் பதித்தார், அப்படியே தெரு முழுக்கப் பளபளத்துப் போனது. ஆகவே தட்டுகிற சத்தமும் வீடு பாக்கியில்லாமல் கேட்டது. முதல் நாள் ஒவ்வொரு வீட்டுக்காரரும் அது தங்கள் வீட்டுக் குறை என்று நினைத்து வெளியில் சொல்லாமல் எலிப்பொறி வைத்தார்கள், பிள்ளைகளை அதட்டினார்கள், கிரைண்டரை நகர்த்திப் போட்டார்கள். ஒரு வாரம் கழித்துத்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். தெரிந்த எஞ்சினியர் ஒருவரைக் கூட்டிவந்து காட்டியபோது அவர் தரையில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, பைப்பில் காற்று அடைத்திருக்கிறது என்றார்; வாரத்துக்கு ஒருதரம் தண்ணீர் விடுகிற ஊரில் பைப்பில் காற்றைத் தவிர வேறு என்ன இருக்கும் என்று அவரே சிரித்தும் கொண்டார். சிலர் பழைய டைல்ஸைப் பெயர்த்துவிட்டுக் கனமான டைல்ஸாகப் பதித்தார்கள், அதையும் நயினார் கடையிலேயே வாங்கினார்கள், அவனும் தெருக்காரர்கள் என்பதால் விலையைக் குறைத்துக் கொடுத்தான். கனமான டைல்ஸில் சத்தம் இன்னும் தெளிவாகக் கேட்டது.

பிறகு பழகிவிட்டது. பழகிக்கொள்வதில் எங்கள் ஊர்க்காரர்களை மிஞ்ச ஆள் கிடையாது. தாய்மார்கள் அந்தத் தட்டுக்குத் தொட்டிலை ஆட்டினார்கள், பிள்ளைகள் அந்தத் தட்டுக்குக் கைகொட்டி விளையாடினார்கள், டீக்கடைக்காரர் அந்தத் தட்டுக்கு டீயை ஆற்றினார், டிவியில் சத்தம் எவ்வளவு வைத்தால் தட்டு கேட்காது என்று எல்லா வீட்டிலும் விரலுக்குத் தெரிந்துவிட்டது. விருந்தாளி வந்து “என்ன சத்தம்?” என்று கேட்டால், “எது?” என்று கேட்கிற அளவுக்குப் பழகிவிட்டது.

அத்தோடு விட்டிருந்தால்கூட மன்னித்திருப்பேன். தெருச் சங்கத் தலைவர் மருதப்பருக்கு ஒரு யோசனை வந்தது. அகாலமாகப் போனவள் இடம் கேட்கிறாள், அதுதான் தட்டுகிறாள் என்று ஒரு சாமியாடி சொன்னதைப் பிடித்துக்கொண்டு, தண்ணீர்த்தொட்டிக்குக் கீழே ஒரு பீடம் கட்டி, அதற்குப் புஷ்பத்தம்மன் என்று பெயரும் வைத்து, வெள்ளிக்கிழமை பொங்கல், செவ்வாய்க்கிழமை எலுமிச்சை விளக்கு என்று ஏற்பாடு செய்துவிட்டார். பீடத்துக்கு டைல்ஸ் நயினார் கொடுத்தான். ‘உபயம்: நயினார் டைல்ஸ்’ என்று கறுப்புக் கல்லில் வெட்டி முன்னால் பதித்திருக்கிறார்கள், இன்றைக்கும் போனால் பார்க்கலாம். ஒரு பெண்ணை உயிரோடு காப்பாற்ற எங்கள் ஊரில் ஒரு கதவைத் திறக்க வேண்டும், அதற்கு ஆள் கிடையாது. செத்த பிறகு அவளைச் சாமியாக்க நாலு செங்கல் போதும், அதற்கு நான் நீ என்று போட்டி. தட்டும்போது கற்பூரம் காட்டினார்கள், தட்டு நின்றதும் அம்மன் மனங்குளிர்ந்துவிட்டாள் என்று விபூதி பூசிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

இப்போது உலகம்மாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். தெரு ஆரம்பிக்கிற இடத்தில் பந்தல், சேர், ஜமுக்காளம், சீரியல் செட் வாடகைக்கு விடுகிற கடை அவளுடையது. கல்யாணத்துக்கும் அவள்தான், சாவுத் துஷ்டிக்கும் அவள்தான். துஷ்டி வீட்டுக்குப் போகிற ஜமுக்காளத்தின் ஓரத்தில் கறுப்பு நூலால் ஒரு தையல் போட்டுத் தனியாக வைத்திருப்பாள். அவளுக்குத் துணை பல்கீஸ். ஏணியில் ஏறி லைட்டு கட்டுவது, மைக்கும் ரேடியோ குழாயும் கட்டுவது எல்லாம் பல்கீஸ். கடையின் தரை வெறும் சிமெண்டுத் தரை, அதனால் அங்கே தட்டு கேட்காது. தெருவிலிருந்து லேசாக மிதந்துதான் வரும்.

ஒரு ரிசப்ஷனில் வாடகைச் சேர்களைத் திருப்பி எண்ணிக் கொடுக்க முடியாது என்று குடித்துவிட்டு நின்ற மாப்பிள்ளை வீட்டுக்காரன் ஒருவன் உலகம்மாளைப் பிடித்துத் தள்ளினான். மல்லாக்க விழுந்தவள் எழுந்திருப்பதற்குள் அவன் இன்னொரு தரமும் தள்ளினான். முழங்கை வீங்கிப்போய், “தள்ளுறவனுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு, விழுந்தவளுக்கு என்ன செய்யன்னு எவனாவது சொல்லித் தந்திருக்கானா?” என்று கடையில் உட்கார்ந்து பொருமிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் பல்கீஸ், மண்டபங்களில் ஆட்கள் மறந்துவிட்டுப் போகிற சாமான்களைப் போட்டு வைத்திருக்கிற பெட்டியைக் கிளறி, ஒற்றைச் செருப்புகளுக்கும் மூக்குக் கண்ணாடிகளுக்கும் அடியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தாள். ‘விழுந்த பின்: பிரேசில் ஜியு-ஜிட்சுவும் தரைச் சண்டையும், படங்களுடன்’ என்று அட்டையில் போட்டிருந்தது.

“அக்கா, மத்த சண்டையெல்லாம் முடியிற இடத்துலதான் இந்தச் சண்டை ஆரம்பிக்காம்” என்றாள் பல்கீஸ்.

“அப்போ இது நமக்குத்தான்” என்றாள் உலகம்மாள்.

மத்தியானம் வியாபாரம் மந்தமாக இருக்கிற நேரத்தில் குடோனில் ஜமுக்காளத்தை அடுக்கடுக்காக விரித்து, இரண்டு பேரும் சேலைக்குப் பதில் சுடிதார் போட்டுக்கொண்டு உருண்டார்கள். புத்தகத்தில் வெள்ளை அங்கி போட்ட ஆள் ஒருவரும் நீல அங்கி போட்ட ஆள் ஒருவரும் ஒருவர்மேல் ஒருவர் கிடந்தார்கள். உலகம்மாள் வெள்ளை, பல்கீஸ் நீலம். கீழே கிடக்கிறவர் இரண்டு கால்களாலும் மேலே இருப்பவரின் இடுப்பைப் பூட்டிக்கொண்டால் கீழே கிடப்பது தோல்வி இல்லை என்று புத்தகம் சொன்னபோது உலகம்மாள் அந்த வரியை நாலைந்து தரம் சத்தமாகப் படித்தாள். சட்டைக் காலரை இரண்டு கையாலும் குறுக்காகப் பிடித்து, முழங்கையை விலாவோடு இறுக்கி, மார்போடு இழுத்தால் எவ்வளவு பெரிய ஆளுக்கும் கண் இருட்டும் என்று இருந்தது. படம் ஒரு பக்கத்தில், விளக்கம் மறுபக்கத்தில். ஒருத்தி பூட்டுப் போட்டுக்கொண்டு கிடக்க, மற்றவள் அந்தப் பூட்டுக்குள்ளிருந்தே கையை நீட்டிப் பக்கத்தைப் புரட்ட வேண்டியிருந்தது. வீட்டு வேலை பார்த்து, சேர் தூக்கிய உடம்பு என்பதால் சீக்கிரமே பிடிபட்டது.

ஒரு தப்பு பண்ணினார்கள். முதல் பாடத்தைப் படிக்கவில்லை. முதல் பாடத்தில் படம் இல்லை, வெறும் எழுத்து, அதை யார் படிப்பார்கள் என்று நேராகப் படத்துக்குப் போய்விட்டார்கள்.

ஒருநாள் சாயங்காலம் உலகம்மாள் காலரைப் பிடித்து இறுக்கினாள். பல்கீஸுக்கு மூச்சு அடைத்தது, வாயைத் திறந்தாள், குரல் வரவில்லை, என்ன செய்வது என்று தெரியாமல் உள்ளங்கையால் ஜமுக்காளத்தை அடித்தாள். மூன்று அடி. உலகம்மாள், இவள் நம்மை உற்சாகப்படுத்துகிறாள் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் இறுக்கினாள். மறுபடியும் மூன்று அடி. முகம் கறுத்துப் போவதைப் பார்த்துத்தான் பதறிப்போய் விட்டாள். பல்கீஸ் எழுந்து உட்கார்ந்து, இருமி, தண்ணீர் குடித்து, “கொன்னுருப்பியே அக்கா, பாவி! இதுக்கு ஒரு வழி போட்டிருப்பானே, பாரு அந்த மொதப் பாடத்த” என்று அழுதாள்.

உலகம்மாள் முதல் பாடத்தைப் பிரித்தாள். ‘தட்டுதல்’ என்று தலைப்பு. எழுத்துக் கூட்டுகிற மாதிரி மெதுவாகப் படித்தாள்.

‘பிடியில் சிக்கியவருக்குப் பேச்சு வராது. ஆகவே அவர் உள்ளங்கையால் தட்டுவார். எதிராளியின் உடம்பில் தட்டுவார். கை எட்டவில்லை என்றால் தரையில் தட்டுவார். தட்டிய அந்தக் கணமே பிடியை விட்டுவிட வேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது. நான் ஜெயிக்கப் போகிறேனே என்று நினைக்கக் கூடாது. தட்டிய பிறகும் விடாதவன் இந்தக் கலைக்காரன் இல்லை, கொலைகாரன்.’

வெளியே தெருவிளக்கு எரிந்தது. வீடுகளிலிருந்து அந்தச் சத்தம் மிதந்து வந்தது. மூன்று தட்டு, ஒரு மூச்சு நேரம், மூன்று தட்டு. தண்ணீர்த்தொட்டிப் பக்கம் மணியடித்துக் கற்பூரம் காட்டுகிறார்கள். பல்கீஸ் தன்னுடைய உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள், அது சிவந்திருந்தது. இரண்டு பேரும் கடையை அடைத்தார்கள்.

மறுநாள் உலகம்மாள் மருதப்பரிடம் புத்தகத்தைக் கொண்டுபோனாள். அவர் கண்ணாடியைப் போட்டு முதல் பாடத்தை முழுதும் படித்தார், மூடினார், திருப்பிக் கொடுத்தார்.

“இந்தா பாரு உலகு, அது எங்க சாமி. சாமி தட்டுறதுக்கு நீ சண்டப் புஸ்தகத்தப் பாத்து அர்த்தம் சொல்லாத.”

“சாமின்னா குடுக்கும் அண்ணாச்சி. இது கேக்குது. விடு விடுன்னு கேக்குது.”

“செத்துப் போனவள யாரும்மா புடிச்சு வச்சிருக்கா, விடுறதுக்கு?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். அந்தக் கேள்வியை மனதில் போட்டுக்கொண்டு உலகம்மாள் படியிறங்கினாள்.

நயினாரின் பக்கத்து வீட்டு லெச்சுமி மதினியிடம் போனாள். ஒரே சுவர், நடுவில் ஜன்னல்கூட உண்டு. “மதினி, அன்னைக்கு உங்களுக்கு ஏதாவது கேட்டுதா?” என்று கேட்டதும் லெச்சுமி மதினி, அடுப்பில் பால் பொங்குகிறது என்று உள்ளே போனவள் திரும்பி வரவில்லை. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். அங்கே இருந்தவர் காதைக் குடைந்துகொண்டே, “டாக்டர் எழுதிக் குடுத்துட்டாரு, ஊரு அடக்கம் பண்ணிட்டு. இப்ப யாரு புகார் குடுக்கா, தரையா? தரைய வந்து கையெழுத்துப் போடச் சொல்லும்மா” என்றார். அங்கிருந்த நாலு பேரும் சிரித்தார்கள்.

அதற்குள் நயினாருக்குப் பெண் பார்த்து முடித்துவிட்டார்கள். எத்தனை நாளைக்கு ஒரு ஆம்பிளை ஓட்டலில் சாப்பிடுவான் என்று தெருவுக்கே கவலை. பெண் மேலப்பனங்காட்டுக்காரி, பெயர் சந்தனமாரி. வீடு பார்க்க அவளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்த சாயங்காலம் தரை தட்டியது. அவள் காலைத் தூக்கிக்கொண்டு என்ன என்று கேட்டாள். “அது எங்க தெரு அம்மன் தாயி, நல்ல மனசுக்காரி வீட்டுக்கு வந்தா தட்டி வாழ்த்துவா” என்று தெருப் பெண்கள் குங்குமம் வைத்து அனுப்பினார்கள். எந்தத் தரைக்கு அடியிலிருந்து ஒருத்தி விடச் சொல்லித் தட்டுகிறாளோ, அந்தத் தரையில் இன்னொருத்தியைக் கோலம் போட்டு நிற்க வைத்தார்கள். வாய் கூசவில்லை அவர்களுக்கு.

மணமேடை அலங்காரம் பார்ப்பதற்காக சந்தனமாரி அப்பாவோடு உலகம்மாள் கடைக்கு வந்தாள். அப்பா வெளியே போனில் பேசிக்கொண்டிருந்தார். துணி ரகங்களைப் புரட்டிக்கொண்டே குரலைத் தாழ்த்தி, “யக்கா, அந்த வீட்டுத் தரை ஏன் அப்படித் தட்டுது? எனக்கு அது வாழ்த்துற மாதிரி தெரியல” என்றாள்.

உலகம்மாள் புத்தகத்தை எடுத்தாள். முதல் பாடத்தைப் பிரித்துக் கையில் கொடுத்தாள். சந்தனமாரி படித்தாள். படிக்கப் படிக்க அவள் கை கழுத்துக்குப் போனது.

“பந்தக்கால் நட்டாச்சு. நான் சொன்னா எங்கப்பா நம்ப மாட்டாவ, கல்யாணம் புடிக்காம கதை கட்டுதேன்னு சொல்லுவாவ. நீங்க எல்லாரு முன்னாலயும் சொல்லுவியளாக்கா?”

“சொல்லிப் பாத்துட்டேன் தாயி. சொன்னா கேக்க மாட்டாங்க. காட்டத்தான் செய்யணும்” என்றாள் உலகம்மாள். “நீ தைரியமா மணையில போய் உக்காரு. தாலி உன் கழுத்துல ஏற விடமாட்டேன்.”

வாக்குக் கொடுத்துவிட்டாளே தவிர, அதை எப்படிச் செய்வது என்று அவளுக்குப் பிடிபடவில்லை. புத்தகம் விழுந்த பிறகு என்ன செய்வது என்றுதான் சொல்லுகிறது. ஒரு ஆளை எப்படி விழவைப்பது என்று அதில் ஒரு படம்கூட இல்லை. நயினார் நெல்மூட்டை மாதிரி ஆள். பல்கீஸ்தான் வழி சொன்னாள். “நீங்க எதுக்கு அவன விழத்தட்டணும்? ஒரு கேள்வி கேளுங்க. அவனே தள்ளுவான். காலர மட்டும் விட்ராதீங்க.”

முகூர்த்தம் விடியற்காலையில். தெருவிளக்கு அணையவில்லை. தெருவை ஒட்டிய அந்த மண்டபத்திலும் நயினார் கடை டைல்ஸ்தான். சந்தனமாரியை மணமேடைக்குக் கூட்டிக்கொண்டு வரும்போது, வழக்கமாகச் சாயங்காலம் தட்டுகிற தரை அன்றைக்கு விடியலிலேயே தட்ட ஆரம்பித்தது. அதற்குமுன் அப்படித் தட்டியதில்லை. நிறைகுடத்தில் தண்ணீர் அலைந்தது, குத்துவிளக்குச் சுடர் துள்ளியது, பந்திக்குப் போட்டிருந்த டம்ளர்கள் ஒன்றோடொன்று மோதிக் கிணுங்கின, பிள்ளைகள் சேரில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். மேலப்பனங்காட்டுக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

தாலி கட்டும்போது தும்மலோ அழுகையோ அபசகுனமாக ஒரு சொல்லோ காதில் விழுந்துவிடக் கூடாது என்றுதானே நாம் கெட்டிமேளம் வைத்திருக்கிறோம். மருதப்பர் எழுந்து நின்று மேளக்காரர்களைப் பார்த்து விரலை ஆட்டினார். “கெட்டிமேளம்! கெட்டிமேளம்!” தாலி இன்னும் தட்டில்தான் இருக்கிறது, அதற்குள் கெட்டிமேளமா என்று தவில்காரர் முழித்தார், மருதப்பர் மறுபடியும் விரலை ஆட்டினார், அவர் பாவம் கூலிக்கு வந்தவர், அடித்தார். ரெண்டு தவிலும் ரெண்டு நாதஸ்வரமும் சேர்ந்து மண்டபமே இடிந்து விழுகிற மாதிரி முழங்க, அதற்குக் கீழே அந்தக் கை தட்டிக்கொண்டே இருக்க, தட்டுவது உள்ளங்காலில் தெரிந்தும் காதில் கேட்காததால் எல்லாருடைய முகத்திலும் நிம்மதி வந்தது.

உலகம்மாள் மணமேடையில் ஜமுக்காளத்தைச் சரிசெய்கிற மாதிரி ஏறினாள். அவள் கொண்டுவந்து விரித்த ஜமுக்காளம் அது. ஓரத்தில் கறுப்பு நூல் தையல் இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. நேராக நயினாருக்கு முன்னால் போய் நின்றாள்.

“அண்ணாச்சி, கீழ யாரு தட்டுதா?”

மேளத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை, அவனுக்குக் கேட்டது. தாலியை எடுக்கப் போன கை நின்றது. எழுந்து, “எறங்கும்மா கீழ” என்றான். அவள் மறுபடியும் கேட்டாள். மூன்றாவது தரம் கேட்பதற்குள், பல்கீஸ் சொன்ன மாதிரியே, பழகின கை நெஞ்சில் வைத்துத் தள்ளியது.

உலகம்மாள் விழுந்தாள். தாடையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, முதுகை உருட்டி, புத்தகத்தில் இருந்த மாதிரியே விழுந்தாள். விழும்போது அவளுடைய இரண்டு கையும் அவனுடைய பட்டுச் சட்டைக் காலரில் குறுக்காக இருந்தன. மாலையும் அங்கவஸ்திரமுமாக அவனும் அவள்மேல் விழுந்தான். மண்டபம் ‘ஐயோ’ என்றது; பெண்பிள்ளை கீழே, ஆண் மேலே, இனி என்ன, முடிந்தது என்று எல்லாரும் நினைத்தார்கள். எல்லாச் சண்டையும் முடிகிற இடம் அது. அவள் கால்கள் அவன் இடுப்பில் பூட்டின. அவன் எழப் பார்த்தான், முடியவில்லை. முழங்கையை விலாவோடு சேர்த்து மார்போடு இழுத்தாள். அவன் முகம் சிவந்து, பிறகு கறுத்தது, வாயைத் திறந்தான், பேச்சு வரவில்லை. மேளக்காரர்கள் வாசிப்பை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

நயினாருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. எந்தப் புத்தகத்தையும் அவன் படித்ததில்லை. அவன் கை தானாக விரிந்து மேடையில் அடித்தது. மந்திரம் சொல்லுவதற்காக ஐயருக்குப் பக்கத்தில் வைத்திருந்த மைக் அவன் கைக்கு நேரே கிடந்தது. பல்கீஸ் அதைச் சரியாகத்தான் வைத்திருந்தாள். மூன்று தட்டு, ஒரு மூச்சு நேரம், மூன்று தட்டு. மண்டபத்தின் உள்ளேயும், வெளியே கட்டியிருந்த ரேடியோ குழாய்கள் வழியாகத் தெரு முழுக்கவும் அது கேட்டது. அதே சத்தம், அதே அளவு, அதே உள்ளங்கை. தொட்டிலாட்டிய, டீயாற்றிய, கற்பூரம் காட்டிய அத்தனை பேருக்கும் அது என்ன சத்தம் என்று இப்போது கண்ணால் தெரிந்தது.

உலகம்மாள் அந்தக் கணமே விட்டாள்.

விடாமல் இருந்திருக்கலாம். நானாக இருந்தால் விட்டிருப்பேனா என்று எனக்குத் தெரியாது, இதை எழுதும்போதும் தெரியவில்லை. ஆனால் அவள் முதல் பாடத்தைப் படித்திருந்தாள். கையை விரித்து, காலைப் பிரித்து, அவனைப் புரட்டிவிட்டு எழுந்து உட்கார்ந்து, மூச்சு வாங்க, மைக்கில் கேட்கும்படி கேட்டாள்:

“நீ தட்டுன, நான் விட்டுட்டேன். அவ தட்டுனாளே, நீ விட்டியா?”

‘அண்ணாச்சி’ என்கிற மரியாதை போய்விட்டது. நயினார் கழுத்தைப் பிடித்துக்கொண்டு இருமினான். தரை தட்டுவதை நிறுத்திவிட்டது, பதிலுக்குக் காத்திருப்பது போல.

பெண்கள் வரிசையில் லெச்சுமி மதினி எழுந்தாள். “அன்னைக்குச் சாயங்காலமும் இதே சத்தந்தான் கேட்டுச்சு” என்றாள். “லைட்டு போட்ட நேரம். சுவத்துக்கு அந்தப் பக்கம். நான் டிவி சத்தத்தக் கூட்டி வச்சேன்.” முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு உட்கார்ந்தாள். எதிர்வீட்டுக்காரர், எனக்கும் கேட்டது என்றார். அதற்கு அடுத்த வீட்டுப் பெண், பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினேன் என்றாள். ஒவ்வொருவராக எழுந்து சொன்னார்கள். வாயில் வைத்துப் பழகிவிட்ட கல்லைத் துப்புகிற மாதிரி துப்பினார்கள்.

உலகம்மாள் மருதப்பரைப் பார்த்தாள். “செத்தவள யாரு புடிச்சு வச்சிருக்கான்னு கேட்டீயளே அண்ணாச்சி. இவ்வளவு பேரு.”

சந்தனமாரி மாலையைக் கழற்றி மணையில் வைத்துவிட்டு எழுந்தாள். அவளுடைய அப்பா மேடைக்கு வந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தாள். அவர் அவள் கையைப் பிடித்து, “வா தாயி, வீட்டுக்குப் போவோம்” என்றார்.

தங்கபுஷ்பத்தின் அண்ணன் புகார் கொடுத்தான், இந்தத் தரம் கையெழுத்துப் போடத் தெருவே வரிசையில் நின்றது, நயினாரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். வழக்கு நடக்கிறது. அதைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள், எனக்குக் கெட்ட வார்த்தை வரும். தரை அதற்குப் பிறகு தட்டவில்லை. விளக்கு எரிகிற நேரத்தில் தெரு பழக்கத்தில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது, ஒன்றும் கேட்காமல் போனது அவர்களுக்கு என்னவோ போல இருந்தது.

திருந்திவிட்டார்கள் என்று நினைக்கிறீர்களா? ஒரு செவ்வாய்க்கிழமை மருதப்பர் தலைமையில் மேளதாளத்தோடு உலகம்மாள் கடைக்கு வந்தார்கள். அம்மன் அன்றைக்கு உலகம்மாள் உடம்பில்தான் இறங்கினாள் என்று முடிவு கட்டியிருந்தார்கள். எலுமிச்சம்பழ மாலை, பட்டு, பீடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன பீடம். அதற்கு டைல்ஸ் வேறு கடையில் வாங்கிக்கொள்ளலாமாம்.

உலகம்மாள் மாலையை வாங்கி, பழத்தை ஒவ்வொன்றாகப் பிய்த்து, வந்தவர்கள் கையிலேயே ஆளுக்கொன்றாகத் திருப்பிக் கொடுத்தாள். “போய் ஊறுகா போடுங்க. நான் சாமி இல்ல. அவளும் சாமி இல்ல, அவ பேரு தங்கபுஷ்பம். அடுத்த தரம் சத்தம் கேட்டா கற்பூரம் கொளுத்தாதீங்க, எந்திரிச்சுப் போய்க் கதவத் தொறங்க” என்றாள். ஆளுக்கொரு எலுமிச்சம்பழத்தோடு தலையைக் குனிந்துகொண்டு போனார்கள்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு சாயங்காலம், விளக்கு எரிந்த நேரத்தில், மறுபடியும் கேட்டது. மூன்று தட்டு, ஒரு மூச்சு நேரம், மூன்று தட்டு. தரைக்கு அடியிலிருந்து இல்லை. தெருக்கோடி வீட்டிலிருந்து, சாத்தியிருந்த கதவுக்கு உள்ளேயிருந்து, உயிரோடு இருக்கிற ஒரு கை. தெரு அசையாமல் நின்றது. டிவி ரிமோட்டுக்குக் கை போனவர்கள் உண்டு. மருதப்பரின் கை சட்டைப்பையில் கற்பூர டப்பாவைத் தேடியதை நானே பார்த்தேன்.

முதலில் லெச்சுமி மதினி வீட்டுக் கதவு திறந்தது. செருப்புகூடப் போடாமல் இறங்கி நடந்தாள். பிறகு எதிர்வீட்டுக் கதவு, பிறகு அதற்கு அடுத்த வீட்டுக் கதவு. தெருக்கோடி வீட்டு வாசலில் லெச்சுமி மதினி நின்று கதவை இடித்தபோது அவளுக்குப் பின்னால் தெரு முழுக்க நின்றது. கதவு திறந்தது. வேர்த்துப்போய் நின்ற ஆள், இத்தனை பேரைப் பார்த்துவிட்டு, “என்ன வேணும் உங்களுக்கு?” என்றான்.

“விடுலே” என்றாள் லெச்சுமி மதினி.